செத்துப் பிழைத்தவர்கள்!

"செத்துப் பிழைத்தேன்!"

இப்படிச் சொல்லும் ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்.

பாம்பு கடித்துப் பிழைத்த தாத்தா இருப்பார். கிணற்றில் விழுந்து பிழைத்த பெரியப்பா இருப்பார். லாரி மோதியும் உயிர் தப்பிய தம்பி இருப்பான். மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அப்பா இருப்பார்.

இவர்கள் யாரும் இல்லாத வீட்டிலும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர்தான் தாய்! "பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

உயிர் தப்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

"ஆயுசு கெட்டி!"

"பெரிய கண்டம் தப்பியது!"

"இனி இது உனக்கு மறுபிறவி!"

மறுபிறவி என்றால் ஆளும் மாறி இருக்க வேண்டும் அல்லவா? சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவர்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா?

மாறுகிறார்கள். ஆனால் உடனே மாறுவது இல்லை. தானாக மாறுவதும் இல்லை. பயம் மனிதனை உலுக்கும், திருத்தாது. அதற்குப் பிறகு அவன் கையில் எடுக்கும் வேலையும், பக்கத்தில் இருப்பவர்களின் பொறுமையும்தான் அவனை மாற்றுகின்றன.

நான்காவது வைராக்கியம்

மூன்று வைராக்கியங்கள் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஒன்று, புராண வைராக்கியம். கதை கேட்கும்போது, "இனி பொய் பேச மாட்டேன்" என்று தோன்றும். வீட்டுக்கு வந்ததும் மறந்து விடும்.

இரண்டு, பிரசவ வைராக்கியம். வலி எடுக்கும்போது, "இனி பிள்ளையே வேண்டாம்" என்று தோன்றும். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அது பறந்து விடும்.

மூன்று, மயான வைராக்கியம். பிணம் எரியும்போது, "இவ்வளவுதானா வாழ்க்கை! இனி யாரோடும் சண்டை போட மாட்டேன்" என்று தோன்றும். குளித்துத் தலை துவட்டுவதற்குள் அது போய் விடும்.

நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக் கொள்ளலாம். அது ஆஸ்பத்திரி வைராக்கியம்!

மாரடைப்பு வந்து கட்டிலில் கிடக்கும்போது, "இனி பீடியைத் தொடவே மாட்டேன்" என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். மனைவியின் கையைப் பிடித்துக் கொண்டு அழுகிறார். அந்தக் கண்ணீர் பொய் அல்ல. அந்தச் சத்தியமும் பொய் அல்ல. ஆனால் வலி போகிறது. நாலு மாதம் போகிறது. ஒரு நாள் மாலையில் பெட்டிக் கடை கண்ணில் படுகிறது!

"இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லையே!" என்று வீட்டில் உள்ளவர்கள் தலையில் அடித்துக் கொள்கிறார்கள்.

அவர் கெட்டவரா? இல்லை. மனித மனம் அப்படி. உலகமே போற்றும் ஒரு மேதையின் கதையும் இதுதான்.

துப்பாக்கிகளுக்கு முன்னால்...

தாஸ்தாவெஸ்கி ரஷியாவின் பெரிய நாவல் ஆசிரியர். அவருக்கு 28 வயது நடந்தபோது, அரசாங்கத்துக்கு எதிரான கூட்டத்தில் சேர்ந்தார் என்று கைது செய்தார்கள். 8 மாதம் கோட்டைச் சிறையில் வைத்தார்கள்.

1849-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு மைதானம். எங்கும் பனி. கைதிகளை அங்கே கொண்டு வந்து நிறுத்தினார்கள். "சுட்டுக் கொல்லும்படி தண்டனை" என்று படித்தார்கள். வெள்ளை அங்கி போட்டார்கள். முதல் 3 பேரைக் கம்பங்களில் கட்டினார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியைக் குறி பார்த்தார்கள்.

அடுத்த 3 பேரில் ஒருவர் தாஸ்தாவெஸ்கி! அவருக்கு இன்னும் சில நிமிடமே உயிர்.

அந்த நேரத்தில், "நிறுத்து" என்று உத்தரவு வந்தது. ஜார் மன்னன் உயிர்ப் பிச்சை கொடுத்து விட்டான். உண்மையில், மன்னன் முன்பே அந்த முடிவைச் செய்து இருந்தான். கைதிகளைக் கலங்க வைப்பதற்காக நடத்திய நாடகம் அது!

அன்றே தாஸ்தாவெஸ்கி தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். உயிர் எவ்வளவு பெரிய வரம் என்று உருகினார். இனி காலத்தை வீணாக்காமல், புது மனிதனாக வாழப் போவதாகச் சொன்னார்.

வாழ்ந்தாரா?

4 ஆண்டுகள் சைபீரியாவில் கால் விலங்கோடு கடுங்காவல். பிறகு சிப்பாய் வேலை. திரும்பி வந்தவரைச் சூதாட்டம் பிடித்துக் கொண்டது! ஜெர்மனியில் உள்ள சூதாட்ட விடுதிகளில் பணத்தை எல்லாம் தொலைத்தார். மனைவி அன்னாவின் நகையை அடகு வைத்தார். கல்யாண மோதிரமும் அடகுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும், "இதுதான் கடைசி" என்று அழுதார். மறுபடியும் போனார்.

1871-ல்தான் சூதாட்டத்தை விட்டார். அதற்குப் பிறகு தொடவே இல்லை. மரணத்தின் முன்னால் செய்த சபதம் நிறைவேற 21 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

நிறைவேற வைத்தது எது? துப்பாக்கி அல்ல. ஒன்று, அவர் விடாமல் செய்த எழுத்து வேலை. இன்னொன்று, அன்னாவின் பொறுமை. அவர் முதலில் சுருக்கெழுத்து எழுத வந்த பெண். தாஸ்தாவெஸ்கி சொல்லச் சொல்ல, ஒரு நாவலை 26 நாளில் முடித்துக் கொடுத்தார். பிறகு அவரையே மணந்தார். கணவரின் நூல்களைத் தாமே அச்சிட்டு விற்றார். கடனை அடைத்தார்.

அதே மைதானத்தில், முதல் கம்பங்களில் கட்டப்பட்ட 3 பேரில் ஒருவருக்குச் சித்தம் கலங்கி விட்டது. அவர் தேறவே இல்லை.

ஒரே மைதானம். ஒரே உயிர்ப் பிச்சை. ஒருவர் மேதை ஆனார். ஒருவர் உடைந்து போனார். சாவைக் கண்டு திரும்புவதே மனிதனைத் திருத்தும் என்றால், இருவரும் அல்லவா திருந்தி இருக்க வேண்டும்?

பனி மலையில் 72 நாள்

உயிர் தப்பியதைத் தினமும் செய்யும் வேலையாக மாற்றிக் கொண்டவர்களும் உண்டு.

1972-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி, தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையில் ஒரு விமானம் விழுந்தது. உருகுவே நாட்டுப் பந்தாட்ட வீரர்களும், அவர்களுடைய உறவினர்களும் அதில் இருந்தார்கள். மொத்தம் 45 பேர். கடைசியில் பிழைத்தவர்கள் 16 பேர்தான்.

72 நாள் பனியில் கிடந்தார்கள். உணவு தீர்ந்தது. இறந்து போன நண்பர்களின் உடலைத் தின்றுதான் உயிர் பிழைக்க முடிந்தது. சொல்லவே நெஞ்சு நடுங்குகிறது. அவர்களுக்கும் நடுங்கியது.

ராபர்ட்டோ கனேசா அவர்களில் ஒருவர். 19 வயது மருத்துவ மாணவர். நண்பர் நாண்டோ பராடோவுடன், மலை ஏறும் கருவி எதுவும் இல்லாமல் 10 நாள் நடந்தார். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சிலி நாட்டுக் குடியானவரைக் கண்டார்கள். அவரால் மற்ற 14 பேரும் பிழைத்தார்கள்.

ஊர் திரும்பிய கனேசா மருத்துவப் படிப்பைத் தொடர்ந்தார். குழந்தைகளின் இதய நோய் மருத்துவர் ஆனார். பிழைப்போமா, மாட்டோமா என்று மலையில் ஏங்கியவர், பிழைக்குமா, பிழைக்காதா என்ற நிலையில் உள்ள குழந்தைகளுக்காக உழைத்தார். மலையில் பிறந்த வைராக்கியம் கரையவில்லை. ஏன்? தினமும் காலையில் அவருக்காக ஒரு நோயாளிக் குழந்தை காத்திருந்தது!

நாட்டிய நங்கை சுதா சந்திரனின் கதை நமக்கு நெருக்கமானது. 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் சிக்கினார். உயிர் பிழைத்தது. ஆனால் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. நாட்டியம் ஆடுகிறவருக்குக் கால் போனால் என்ன மிச்சம்?

"ஜெய்ப்பூர் கால்" என்னும் செயற்கைக் காலைப் பொருத்திக் கொண்டார். குழந்தையைப்போல நடக்கப் பழகினார். பிறகு ஆடப் பழகினார். 1984-ல் மீண்டும் மேடை ஏறினார். அவருடைய கதையை "மயூரி" என்று தெலுங்கில் படமாக எடுத்தபோது, அவரே கதாநாயகியாக நடித்தார்.

அமெரிக்காவில் டெடெஸ்கி, கால்ஹவுன் என்று 2 மனநூல் பேராசிரியர்கள். பெரும் துன்பத்துக்குப் பிறகு வளர்ச்சி அடைகிறவர்களைப் பற்றி 1990-களில் ஆராய்ந்து எழுதினார்கள். துன்பம் யாரையும் வளர்ப்பது இல்லை, துன்பத்தோடு நடத்தும் போராட்டம்தான் வளர்க்கிறது என்பது அவர்களின் முடிவு. வளர்ச்சி வந்தாலும் வலி போய் விடாது. இரண்டும் கூடவே இருக்கும் என்றும் சொன்னார்கள்.

"நான் ஏன் பிழைத்தேன்?"

அந்த வலியைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டு இருக்கிறது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி அலை நம் கரையை அடித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம்.

பிழைத்த தாய்மாரிடம், "உன்னையாவது கடவுள் காப்பாற்றினாரே!" என்று ஆறுதல் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் சொன்ன சொல்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதை எப்படிக் கேட்பாள்? "என்னைக் காப்பாற்றிய கடவுள் என் பிள்ளையை ஏன் விட்டார்?" என்றுதானே அவள் நெஞ்சு கேட்கும்!

கடலையே நம்பி வாழ்ந்தவர்கள் கடலைப் பார்க்க அஞ்சினார்கள். அவர்களைக் கோழை என்று யார் சொல்ல முடியும்?

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து கொண்ட தாய்மார்கள் பலர், இருந்த குழந்தைகளை அலைக்குக் கொடுத்து விட்டார்கள். அவர்கள் மீண்டும் குழந்தை பெறுவதற்கான ஆபரேஷனுக்கு அரசு உதவியது. சிலர் மறுபடியும் தாய் ஆனார்கள்.

போன குழந்தைக்கு வந்த குழந்தை ஈடு ஆகுமா? ஒருநாளும் ஆகாது. ஆனாலும் காலையில் பசித்து அழ ஒரு பிள்ளை இருக்கிறது. அதற்காக எழுந்திருக்க வேண்டி இருக்கிறது.

குடும்பம் செய்ய வேண்டியது

உயிர் தப்பி வந்தவர் வீட்டில் இருந்தால், மற்றவர்கள் செய்ய வேண்டியது என்ன?

வருகிறவர், போகிறவரிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லும்படி அவரை வற்புறுத்தக் கூடாது. அவராகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். பேசாமல் இருந்தால் விட்டு விடுங்கள்.

"இனியாவது திருந்து" என்று குத்திக் காட்ட வேண்டாம். பீடியை விடுகிறேன் என்று சொன்னவர் தவறினால், மறுபடியும் தொடங்க வழி செய்யுங்கள். 21 ஆண்டுகள் காத்திருந்து திருந்திய மேதையை நினைத்துக் கொள்ளுங்கள்.

சின்னதாக ஒரு வேலை கொடுங்கள். பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். "நான் இன்னும் வேண்டும்" என்ற எண்ணம் மருந்தை விடக் குறைந்தது அல்ல.

மாதக் கணக்கில் தூக்கம் இல்லையா? சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறாரா? யாரோடும் பேசாமல் ஒதுங்கி இருக்கிறாரா? டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். கால் எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவது இல்லையா? மனதுக்கும் அதுபோல வைத்தியம் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று. மாரடைப்பு வந்த அப்பாவைத் தாங்கு தாங்கு என்று தாங்குகிறோம். பிரசவத்தில் செத்துப் பிழைத்த தாயை? குழந்தையைப் பார்க்க ஊரே வருகிறது. அவளை, "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? மறுபிறவி எடுத்தவள், சில வாரத்தில் அடுப்படிக்குத் திரும்பி விடுகிறாள். அவளுடைய களைப்பும், காரணம் இல்லாத அழுகையும் யார் கண்ணிலும் படுவது இல்லை. அவையும் கவனிக்க வேண்டியவையே.

மாறத் தேவை இல்லாதவர்

உயிர் தப்பியும் மாறாத ஒருவர் இருந்தார். அவர் மகாகவி பாரதியார்.

1921-ம் ஆண்டு திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் யானை அவரைத் தள்ளியது. அதன் காலடியில் விழுந்து கிடந்தவரை, நண்பர் குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார். அந்த யானையால் பாரதியார் இறந்தார் என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. அவர் பிழைத்தார். "சுதேசமித்திரன்" பத்திரிகை வேலைக்குத் திரும்பினார்.

அதே ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஈரோட்டுக்குப் போனார். கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசினார். பேச்சின் தலைப்பு என்ன தெரியுமா? "மனிதனுக்கு மரணமில்லை!"

செப்டம்பர் மாதம் வயிற்று நோயால் காலமானார். அப்போது வயது 38.

யானைக்கு முன்னால் எப்படி வாழ்ந்தாரோ, அப்படியே யானைக்குப் பின்னாலும் வாழ்ந்தார். எழுதினார், பேசினார். மாற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஏன் என்றால், செய்ய வேண்டியதை அவர் முன்பே செய்து கொண்டு இருந்தார்.

எல்லோரும் பாரதியார் ஆக முடியாது. ஆனால் எல்லோருக்கும் தள்ளிப் போட்ட காரியம் ஒன்று இருக்கிறது. பேசாமல் இருக்கும் அண்ணனோடு பேசுவது, விட வேண்டிய பழக்கத்தை விடுவது, தலைக் கவசம் வாங்குவது, தாயைப் போய்ப் பார்ப்பது என்று ஏதாவது ஒன்று.

அதைச் செய்வதற்குக் கண்டம் ஒன்று வந்து தப்ப வேண்டுமா? இன்று நேரம் இருக்கிறது!