23 ரூபாய் 60 காசு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் ரயிலில் கணக்குப் பாடம் நடத்தக் கூடாது என்று ரயில்வே சட்டம் எதுவும் இல்லை. ஆகையால், எதிர் ஆசனத்தில் இருந்த அம்மாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "ஸார், இதில் 2,360 ரூபாய் எங்கே போயிற்று என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது, வாத்தியார் புத்தி எனக்கு உடனே விழித்துக் கொண்டுவிட்டது.

அந்த அம்மாள் திண்டிவனத்தில் வீட்டிலேயே கடலை உருண்டை செய்து, இணையக் கடை மூலம் சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் அனுப்புகிறவர். பாங்கியில் வந்து விழுந்த தொகையையே விற்பனை என்று எழுதி வந்திருக்கிறார். நோட்டில் 97,640 ரூபாய். பணம் வசூலித்துக் கொடுக்கும் கம்பெனியின் பட்டியலிலோ முழுசாக ஒரு லட்சம்! "திருட்டுப் போய்விட்டதோ?" என்பது அவருடைய கவலை.

திருட்டு ஒன்றும் இல்லை. ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு விற்றால், அந்தக் கம்பெனி நூற்றுக்கு 2 வீதம் 20 ரூபாய் தரகு எடுத்துக் கொள்கிறது. அந்தத் தரகின் மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி., 3 ரூபாய் 60 காசு. ஆக, 23 ரூபாய் 60 காசு போக மீதி 976 ரூபாய் 40 காசுதான் பாங்கிக்கு வருகிறது. இப்படி நூறு தடவை நடந்தால், 2,360 ரூபாய்!

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிய விஷயம் அல்ல. அந்தக் காலத்தில் மண்டியில் மணிலாக்கொட்டை போட்டவருக்குக் கொடுத்த சீட்டில், விற்ற தொகை முதல் வரியில் இருக்கும். தரகு, ஆள்கூலி இவையெல்லாம் அதன் கீழே. கையில் கொடுத்த பணம் கடைசி வரியில். அந்த அம்மாள் செய்த பிசகு, கடைசி வரியை மட்டும் எழுதியதுதான். விற்பனை 1,00,000 என்று வரவில் எழுத வேண்டும். தரகு 2,000, அதன் வரி 360 என்று செலவில் தனித்தனியாக எழுத வேண்டும். வாடிக்கைக்காரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் தரகு பெரும்பாலும் திரும்புவதில்லை. அதற்கும் ஒரு வரி வேண்டும்.

"எப்படி எழுதினாலும் மிச்சம் ஒன்றுதானே?" என்று நேயர்கள் கேட்கலாம். மிச்சம் ஒன்றுதான், வரி ஒன்றல்ல. ஜி.எஸ்.டி. சட்டம் பார்ப்பது முழு விற்பனையை. மாகாணத்துக்குள் சரக்கு விற்பவர் பதிவு செய்ய வேண்டிய 40 லட்ச வரம்பும் அதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. சாதாரண முறையில் பதிவு செய்து கொண்டவர், தரகுக்கான ரசீதில் தம் பதிவு எண் இருந்தால், அந்த 360 ரூபாயைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக் கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கும், தொகுப்பு முறையில் வரி கட்டுகிறவருக்கும் அந்தச் சலுகை கிடையாது. அது அவர்களுக்குச் செலவுதான். வருமான வரியில் உத்தேச லாப முறையைக் கைக்கொள்ளும் சிறு வியாபாரிக்கு, பாங்கி மூலம் வந்த விற்பனையில் நூற்றுக்கு 6, ரொக்க விற்பனையில் நூற்றுக்கு 8 குறைந்தபட்ச லாபமாகக் கொள்ளப்படுகிறது. அங்கேயும் முழு விற்பனைதான் கணக்கு. தரகைத் தனியே கழிக்க இடமில்லை.

2016-இல் நம் தேசத்திலேயே உருவான யூ.பி.ஐ. முறையில், 2020 ஜனவரி 1 முதல் வியாபாரியிடம் தரகு வாங்கலாகாது என்று சர்க்கார் விதித்தது. விழுப்புரம் பஸ் நிலையத்துப் பழக் கடைக்காரருக்கு இது பெரிய உபகாரம். ஆனால் தரகு இல்லை என்பதால் கணக்கும் வேண்டாம் என்று இருந்துவிடலாகாது. 2025-இல் கர்நாடகத்தில், யூ.பி.ஐ. வரவை மட்டும் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு வரி நோட்டீஸ் போயிற்று. பயந்துபோன சிலர் "ரொக்கம் மட்டும்" என்று பலகை மாட்டினார்கள். வரியே இல்லாத காய்கறி விற்ற பணம் எது, மைத்துனர் திருப்பிக் கொடுத்த கைமாற்று எது என்று பாங்கிப் புத்தகம் சொல்லாது. வியாபாரியின் குறிப்பேடுதான் சொல்ல வேண்டும்.

திண்டிவனம் வந்துவிட்டது. அம்மாள் நோட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து, "விற்றது, தரகு, வரி, வந்தது" என்று நாலு கட்டம் போட்டுக் கொண்டிருந்தார். இறங்கும்போது, "இத்தனை நாளும் 1,000 ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு போவது தெரியாமலே உருண்டைக்கு விலை வைத்திருக்கிறேனே, ஸார்!" என்றார்.

வரியைப் பற்றி நான் செய்த பிரசங்கம் முழுவதையும்விட அந்த ஒரு வாக்கியம் மேலானது. குறிப்பேடு சர்க்காருக்காக என்றுதான் நாம் நினைக்கிறோம். அதைப் படித்துப் பயனடைய வேண்டிய முதல் ஆசாமி, அதை எழுதுகிறவரே!