ஏ.சி. இல்லாத ரூமில் ஃபெரெட்டா பாஸ்?

போன வாரம் நாய்க்குட்டிக்கு எப்போ குளிப்பாட்டறதுன்னு கேட்டு வந்த கேள்விகளை முடிச்சாச்சு. இந்த வாரம் வந்திருக்கிற ஒரு கேள்வி கொஞ்சம் வில்லங்கம். கவரைப்பேட்டை பக்கம் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற மூணு பேர், ஆளுக்குக் கொஞ்சம் பாக்கெட் மணி போட்டு ஒரு ஃபெரெட் வாங்கலாம்னு இருக்காங்களாம். "ரீல்ஸ்ல பார்த்தோம், செம க்யூட். மெயின்டனன்ஸ் கஷ்டமா?" - இதுதான் கேள்வி.

ஒரே வரியில் பதில் வேணும்னா: வேண்டாம் பாஸ். ஏன்னு கேட்கிறவங்களும், ஏற்கெனவே வாங்கிட்டு முழிக்கிறவங்களும் மேலே படிங்க. முக்கியமா ரெண்டாவது கோஷ்டி... உங்களுக்காகத்தான் இந்தப் பக்கமே.

முதல்ல இது யாருன்னு பார்த்துடுவோம். நீங்க கூண்டோட மாடிப்படி ஏறும்போது ஹவுஸ் ஓனர் அம்மா, "என்ன தம்பி அது, கீரிப்பிள்ளையா?"ன்னு கண்டிப்பா கேட்பாங்க. இல்லீங்க. கீரி வேற குடும்பம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி கீரியைப் பிடிச்சு வளர்த்தா கம்பிதான் எண்ணணும். ஃபெரெட், ஐரோப்பாவில் இருக்கிற போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து மனுஷன் பழக்கி எடுத்த வீட்டுப் பிராணி. முயல் வளைக்குள்ளே நுழைஞ்சு முயலை வெளியே விரட்டறதுக்காகப் பல நூற்றாண்டுகளா வளர்த்திருக்காங்க. தமிழ்நாட்டில் அதுக்கு நெருங்கின சொந்தம்னு பார்த்தா காவிரியில் நீந்துகிற நீர்நாயும், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற நீலகிரி மார்ட்டனும்தான். ஃபெரெட் என்ற பேருக்கே லத்தீன் மூலத்தில் 'குட்டித் திருடன்'னு அர்த்தம். உங்க சாவி, சாக்ஸ், ஹெட்செட் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும்போது புரியும்.

வெயில்தான் வில்லன்

சரி, மேட்டருக்கு வருவோம். ஃபெரெட் குளிர்ப் பிரதேசத்துச் சரக்கு. உடம்பு முழுக்க அடர்த்தியான ரோமம். வேர்வைச் சுரப்பிகள் இருந்தும் இல்லாத மாதிரிதான். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதுக்குத் திணறல் ஆரம்பம். நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் மே மாசம் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? டி.வி-யில் வெயில் நியூஸ் வாசிக்கும்போது திருத்தணி பேர் வராத வருஷம் உண்டா? 40 டிகிரி அங்கே சர்வசாதாரணம். கும்மிடிப்பூண்டி பக்கம் கடல் கிட்டே இருக்கிறதால டிகிரி கொஞ்சம் குறையலாம். ஆனா அந்தப் புழுக்கம் இருக்கே... சிப்காட்டைச் சுத்தி வாடகைக்குக் கிடைக்கிற ரூம்களில் பாதி, சிமென்ட் ஷீட் போட்ட மாடி ரூம். மத்தியானம் ரெண்டு மணிக்கு நாமளே அதுக்குள்ள இருக்க முடியாம கான்டீன் பக்கம் ஓடிடறோம். கூண்டுக்குள்ள இருக்கிறது எங்கே ஓடும்?

"ஃபேன் போட்டுட்டுப் போவோம்"னு சொல்லாதீங்க. ஃபேன் காத்து நமக்குக் குளிர்ச்சியா இருக்கக் காரணம், நம்ம மேல இருக்கிற வேர்வையை அது காய வைக்கிறது. வேர்வையே வராத பிராணிக்கு ஃபேன் என்பது சுடுகாத்தைச் சுத்தி விடற மெஷின், அவ்வளவுதான்! ஏ.சி. இருக்குன்னாலும், நீங்க காலேஜ்ல இருக்கும்போது கரன்ட் கட் ஆனா யார் பார்க்கிறது?

வெயில் தாக்கினது எப்படித் தெரியும்? வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தரையோட தரையா படுத்துடும். மூக்கும் ஈறும் சிவந்து போகும். கூப்பிட்டா திரும்பாது. அந்த நிமிஷம் செய்ய வேண்டியது: நிழலுக்குக் கொண்டு போய், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் துணியை நனைச்சு பாதத்திலும் வயித்திலும் ஒத்தி எடுங்க. ரோமம் ஈரமா இருக்கும்போது ஃபேன் காத்து உதவும். பதறிப்போய் ஐஸ் வாட்டர்ல முக்கிடாதீங்க. தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே இருக்கிற சூடு வெளியே வராம அடைச்சுக்கும். கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்தாலும் டாக்டர்கிட்டே காட்டியே ஆகணும். உள் உறுப்புகள் அடிபட்டிருந்தா அதன் விளைவு அப்புறமாத்தான் தெரியும்.

அன்றாட நாட்களுக்கு ஒரு ஐடியா. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸர்ல உறைய வெச்சு, டவல்ல சுத்திக் கூண்டுக்குள்ள போடுங்க. வேணும்னா அதுவே போய் ஒட்டிப் படுத்துக்கும். ஆனா மூணு மணி நேரத்தில் உருகிடும்... உங்க கிளாஸ் எத்தனை மணி நேரம்?

டீக்கடை நாயும் உங்க செருப்பும்

அடுத்து, ஃபெரெட் வளர்க்கிறவங்க கனவுலயும் பயப்பட வேண்டிய ஒரு பேர் - டிஸ்டெம்பர். நாய்களுக்கு வர்ற வைரஸ் நோய். நாய்க்கு வந்தா சிலது தப்பிக்கும். தடுப்பூசி போடாத ஃபெரெட்டுக்கு வந்தா கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு சாவுதான். மிகைப்படுத்தலை, பாடப் புத்தகத்தில் இருக்கிறதே அப்படித்தான். வைரஸ் உள்ளே போய் ஒரு வாரம், பத்து நாளில் கண்ணிலும் மூக்கிலும் பீளை, தாடையில் சிவப்புத் தடிப்பு, பாதம் தடிச்சுப் போறது, கடைசியில் வலிப்பு.

"எங்க ஃபெரெட் ரூமை விட்டு வெளியவே போகாதே"ம்பீங்க. நீங்க போறீங்களே! ஜி.என்.டி. ரோடு டீக்கடையில் படுத்திருக்கிற நாயைத் தடவிக் கொடுத்துட்டு, பிஸ்கெட் போட்டுட்டு, அதே கையோட, அதே பேன்ட்டோட ரூமுக்கு வந்து ஃபெரெட்டைத் தூக்குவீங்க. கை, துணி, செருப்பு மூலமாகவும் இது பரவும். அதனால செருப்பு வாசலோட நிக்கணும், சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் கொஞ்சல் எல்லாம்.

தடுப்பூசி போட்டுடலாமேன்னு தோணும். இங்கேதான் சிக்கல். மெடிக்கல் ஷாப்ல நாய்க்குன்னு விக்கிற கூட்டுத் தடுப்பூசியை வாங்கி, "ஊசி போடத் தெரிஞ்ச அண்ணன்" கையால குத்தற வேலையே வேண்டாம். நாய்க்கான தடுப்பூசிகள் சிலதில் பலவீனமாக்கின உயிருள்ள வைரஸ் இருக்கும். அதுவே ஃபெரெட்டுக்கு நோயைக் கொடுத்துவிடக்கூடும். எந்தத் தடுப்பூசி, எவ்வளவு அளவு என்பதை டாக்டர் மட்டுமே முடிவு பண்ணணும். போட்ட பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்க. ஃபெரெட்டுக்குத் தடுப்பூசி அலர்ஜி வர்றது உண்டு.

ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். 1920-களில் லண்டனில் டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்க லெய்ட்லா, டங்கின் என்ற ரெண்டு பேர் பயன்படுத்தினது ஃபெரெட்டைத்தான். அந்த ஃபெரெட்டுகள் கைவசம் இருந்ததால, 1933-ல் ஃப்ளூ வந்த மனுஷங்க தொண்டை நீரை அதுக்கு விட்டுப் பார்த்தாங்க. அதுவும் தும்ம ஆரம்பிச்சுது. மனுஷ ஃப்ளூவுக்குக் காரணம் வைரஸ்னு நிரூபணம் ஆனது அப்படித்தான். 1936-ல் இன்னொரு கூத்து. ஒரு ஃபெரெட் முகத்துக்கு நேரா தும்ம, ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற ஆய்வாளருக்கே ஃப்ளூ வந்துடுச்சு. இதுல நமக்கு என்ன பாடம்? ரூம்மேட்டுக்கு ஃப்ளூ காய்ச்சல்னா ஃபெரெட்டுக்கும் வரும், அதுகிட்டேருந்து உங்களுக்கும் வரும். கொரோனாவும் இதுக்குத் தொத்தும்னு 2020-லேயே ஆய்வுகள் சொல்லிடுச்சு.

அப்படிக் காய்ச்சல் வந்தா அலமாரியில் இருக்கிற பாராசிட்டமாலை உடைச்சுக் கொடுக்கிற புத்திசாலிகள் இருக்காங்க. ப்ளீஸ்... பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் ரெண்டுமே அதுக்கு விஷம். அரை மாத்திரை, கால் மாத்திரைன்னு பேரமே கிடையாது.

சாப்பாடு: இது சுத்த அசைவம். தயிர் சாதம், பிஸ்கெட், பால், வாழைப்பழம் எதுவும் செட் ஆகாது. சாப்பிட்டது மூணு, நாலு மணி நேரத்தில் வெளியே வந்துடும், அவ்வளவு குட்டையான குடல். அதனால எப்பவும் சாப்பாடு முன்னாடி இருக்கணும். கோழி இறைச்சி, ஈரல், அல்லது தரமான பூனைக்குட்டித் தீவனம். நாய்த் தீவனத்தில் இதுக்கு வேண்டிய புரதம் இருக்காது. மெஸ் சாப்பாட்டில் பங்கு போடலாம்னு கணக்குப் போட்டவங்க அந்தக் கணக்கை அழிச்சிடுங்க.

குட்டி ஃபெரெட்டுகள் ரப்பருக்கு அலையும். ஹெட்செட் முனையில் இருக்கிற குட்டி ரப்பர், செருப்பு வார், ஸ்பாஞ்ச், ரிமோட் பட்டன்... எதையும் கடிச்சு முழுங்கும். அது குடலில் அடைச்சுக்கிட்டா சாப்பிடாது, மலம் போகாது, பல்லைக் கடிக்கும், வாயைக் கையால சொறியும். அது ஆபரேஷன் கேஸ். நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளிப் போடவே முடியாது.

மூணு வயசுக்கு மேல் ரெண்டு நோய் சகஜம். ஒண்ணு, கணையத்தில் கட்டி வந்து இன்சுலின் எக்கச்சக்கமா சுரந்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கிடறது. பின்னங்கால் தள்ளாடும், எச்சில் ஒழுகும், எங்கேயோ வெறிச்சுப் பார்க்கும். ஈறில் துளி தேன் தடவிட்டு உடனே கிளம்பணும். வலிப்பு வந்துக்கிட்டிருந்தா விரலை வாய்க்குள்ள விடாதீங்க, கடிச்சிடும். இன்னொண்ணு, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு. வால்ல ஆரம்பிச்சு முடி கொட்டும். ஆணுக்குச் சிறுநீர் அடைச்சுக்கிறதும் உண்டு. ரொம்பச் சின்ன வயசிலேயே கருத்தடை பண்றதும், அதிக நேரம் வெளிச்சத்தில் வெச்சிருக்கிறதும் இதுக்குக் காரணங்களா சொல்றாங்க. செமஸ்டர் நேரத்தில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டியூப்லைட் எரியற ரூம் உங்களுடையதுன்னா, கூண்டை ஒரு கெட்டித் துணியால் மூடுங்க.

பெண் ஃபெரெட்டா? அப்போ இன்னும் உஷார். இணை சேர்ந்தால்தான் அதுக்குக் கருமுட்டையே வெளியாகும். இணை இல்லாம, கருத்தடையும் பண்ணாம விட்டா சினைப்பருவம் வாரக்கணக்கில் நீளும். ஈஸ்ட்ரோஜன் ஏறி எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்த சோகையில் செத்தே போகும். கடைக்காரர் யாரும் இதைச் சொல்லி விக்கிறதா எனக்குத் தெரியலை!

எங்கே காட்டறது? நம்ம பக்கத்து அரசு கால்நடை மருந்தகங்கள் மாடு, ஆடு, கோழி, நாய்களுக்காக இருக்கு. அங்கே இருக்கிற டாக்டர் ஃபெரெட்டை நேரில் பார்த்திருப்பாரான்னா சந்தேகம்தான். அது அவர் தப்பில்லை, இந்த ஊர்ப் பிராணியே இல்லையே! சென்னை வேப்பேரியில் இருக்கிற மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் ஆரம்பிச்சது. 1989-லிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழே இருக்கு. பெரிய மருத்துவமனை, ஆபரேஷன் வசதி எல்லாம் அங்கே உண்டு. முதலில் போன் பண்ணி, "ஃபெரெட் பார்ப்பீங்களா?"ன்னு கேட்டுடுங்க. கும்மிடிப்பூண்டியிலிருந்துன்னா செங்குன்றம், மாதவரம் வழி. திருவள்ளூரிலிருந்துன்னா ஆவடி, அம்பத்தூர் வழி. ரெண்டுமே நாப்பது கிலோமீட்டருக்கு மேல். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மத்தியான வெயிலில் மூச்சு வாங்கற பிராணியோட அந்த தூரம்... இப்போ புரியுதா நான் ஏன் முதல் வரியிலேயே வேண்டாம்னேன்னு?

வாங்கறதுன்னு முடிவே பண்ணிட்டவங்க, எங்கிருந்து வந்ததுன்னு கேளுங்க, பில் கேளுங்க. 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த ஒருத்தர் பையில், சென்னை ஏர்போர்ட்டில் ஒரு சிறுத்தைக்குட்டி கிடைச்சது ஞாபகம் இருக்கா? வெளிநாட்டுப் பிராணி வியாபாரத்துக்கு அப்படியும் ஒரு பின்வாசல் இருக்கு. பில் இல்லாத குட்டிக்குத் தடுப்பூசி கார்டும் இருக்காது, வயசும் தெரியாது.

முடியலைன்னா ஏரிக்கரையில் விட்டுட்டு வந்துடாதீங்க. வேட்டையாடத் தெரியாம, வெயில் தாங்காம, இல்லேன்னா தெரு நாய் வாயில் போய் முடியும். தப்பித் தவறிப் பிழைச்சுப் பெருகினா அது வேற தலைவலி. முயலைக் கட்டுப்படுத்தக் கொண்டு வந்த ஃபெரெட்டுகள் பறக்கத் தெரியாத பறவைகளைத் தின்னு தீர்க்க, 2002-ல் அதை விற்கவும் இனப்பெருக்கம் பண்ணவுமே தடை போட்டது நியூசிலாந்து. ஏ.சி. வீடும் பொறுமையும் இருக்கிற ஆளாகப் பார்த்து, நோய் விவரம் உள்பட எல்லாம் சொல்லிக் கொடுத்துடுங்க.

கடைசியா ஒண்ணு. ஃபெரெட் கடிச்சாலும் சரி, அதே தெருவில் நாய் கடிச்சாலும் சரி, சோப்புப் போட்டு ஓடற தண்ணீரில் பதினைஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. ரேபிஸ் ஊசி அங்கே இலவசம். போடச் சொன்னா 0, 3, 7, 28-வது நாள்னு நாலு தடவை. நாலாவது தடவை ஊருக்குப் போயிருப்பீங்க, அங்கேயும் போட்டுக்கலாம், சீட்டை மட்டும் தொலைச்சிடாதீங்க.

அடுத்த வாரம்: ஹாஸ்டல் மெஸ்ஸைச் சுத்தி வர்ற பூனைகளுக்கு யார் கருத்தடை பண்றது? கேள்விகளை அனுப்புங்க!