ஒரே சொல், இரண்டு அளவு

திருப்பூரில் பனியன் ஏற்றுமதியில் இருப்பவர்களுக்கு மெஷர்மென்ட் சார்ட் மனப்பாடம். மார்பு, நீளம், தோள் என்று சென்டிமீட்டரில் போகும் அந்தத் தாளில் பிரெஞ்சுக்காரர் ‘மெசூர்’ என்று எழுதினால், ஸ்பானிஷில் மொழிபெயர்ப்பவருக்கு அது ‘மெதிதா’, அதாவது அளவு. அதே ‘மெசூர்’ இசைத்தாளில் வந்தால் இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே அடங்கும் தாளப் பகுதி. அங்கே ‘கொம்பாஸ்’ என்றுதான் எழுத வேண்டும். ‘க்ளே’ என்றால் பிரெஞ்சில் சாவி. கதவுச் சாவி ஸ்பானிஷில் ‘யாவே’. ஸ்வர வரிகளின் தொடக்கத்தில் போடும் குறியோ ‘கிளாவே’. இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடாக இருந்தாலும், இசை தெரியாதவர் இங்கே கட்டாயம் வழுக்குவார். பாடும் வரிகள் என்றால் இன்னும் கடினம். நெடில் விழுந்த இடத்தில் குறில் வந்தால் தாளம் நொண்டும்.

மொழியும் இசையும் ஒருசேரத் தெரிந்த ஆள் எங்கே கிடைப்பார் என்று மலைக்க வேண்டியதில்லை. நம் கொங்கு மண்ணிலேயே, ஈரோட்டுப் பக்கம் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன் இருந்தார். நூற்றுக்கணக்கான தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றியவரும் அவரே. உலக அறிவைத் தமிழ்ச் சொல்லில் தந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரும் அவரே. காதும் அகராதியும் ஒருவரிடமே கூடியிருந்தன. அதுதான் தகுதி. இசை நூலை மொழிபெயர்க்கக் கொடுப்பவர்களே, பக்கத்துக்கு எவ்வளவு என்று பேரம் பேசுமுன், “பாடுவீர்களா, வாசிப்பீர்களா?” என்று கேளுங்கள்.