பயிற்சி மாணவனா? சம்பளமில்லாத் தொழிலாளியா?

எஸ்.பி.எம். முடித்து, பி.டி.பி.டி.என். கடன் வாங்கி ஹோட்டல் நிர்வாக டிப்ளோமா படிக்கும் நம் பிள்ளைகள் சில மாதங்கள் ஏதாவது ஒரு ஹோட்டலில் பயிற்சி செய்தே ஆக வேண்டும். மலாயில் 'லத்திஹான் இண்டஸ்திரி' என்பார்கள். போவது என்னவோ பயிற்சிக்குத்தான். போன மறுவாரமே முழு ஆள் வேலை தலையில் விழுகிறது. விருந்து மண்டபத்தில் நாற்காலி அடுக்குவதும், அறை அறையாகப் படுக்கை விரிப்பதும், ஷிப்ட் முடிந்த பிறகும் "இன்னும் ஒரு மணி நேரம் நில்" என்பதைக் கேட்பதும்தான் பாடம். கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் கொமுட்டரைப் பிடிக்க இரவில் ஓடும் பிள்ளைகளை பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் பார்த்திருப்பீர்கள். கடைசி ரயில் தவறினால் அன்றைய அலவன்ஸ் கிராப் காருக்கே சரி.

வேலை கற்க வேண்டாமா என்று கேட்பார்கள். கற்கட்டும்! படுக்கை விரிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. முதல் வாரம் விரித்தால் அது படிப்பு. நான்காவது மாதமும் ரோஸ்டரில் பெயர் போட்டு, நிரந்தர ஆளுக்குக் கொடுக்கும் அதே எண்ணிக்கை அறைகளைக் கொடுத்தால் அது உழைப்பு. கோவிட் காலத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்று ஆள் பற்றாக்குறை என்று புலம்பும் முதலாளிகளின் ஓட்டையை நம் பிள்ளைகள் ஏன் அடைக்க வேண்டும்?

சட்டத்தைப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக இருந்தது. 2025-இல் 1,700 ரிங்கிட் ஆனது. வேலைச் சட்டத்தின் வார வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஓவர்டைம், ஓய்வு நாள் எல்லாம் அதே சட்டத்தில்தான். ஆனால் இவை அனைத்தும் 'தொழிலாளி' என்ற ஒரே சொல்லில் தொங்குகின்றன. கல்லூரி அனுப்பிய மாணவன் தொழிலாளி இல்லை என்று நிர்வாகம் கையை விரித்துவிடுகிறது.

அவ்வளவு சுலபமாக விரிக்க முடியாது. 2023-இல் நடப்புக்கு வந்த 101சி பிரிவைப் படியுங்கள். எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் இல்லாத இடத்தில், ஒருவர் வேலை செய்யும் விதத்தையும் நேரத்தையும் மற்றவர் கட்டுப்படுத்தினால், அல்லது அந்த வேலை தொழிலின் முக்கிய அங்கமாக இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரைத் தொழிலாளியாகவே கருத வேண்டும் என்கிறது அது. கல்லூரிப் பயிற்சிக் கடிதத்தைக் காட்டி எதிர்த்தரப்பு வாதாடும். வெற்றி நிச்சயம் என்று ஒரு வழக்கறிஞனாக நான் சொல்ல மாட்டேன். வாதாடத்தக்க வழக்கு என்று மட்டும் சொல்வேன்.

ஹோட்டல் முதலாளிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். வாடிக்கையாளர் தரும் சேவைக் கட்டணத்தை எடுத்தே குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பப் பார்த்தார்கள். பெட்டாலிங் ஜெயா கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டல் வழக்கில், அது கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. போராடி அதை வென்றது ஹோட்டல் தொழிலாளர் சங்கம். பயிற்சி மாணவனுக்குச் சங்கம் ஏது? அதனால்தான் சுமை அவன் பக்கம் சரிகிறது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனியுங்கள். 2022 பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின்படி புகார் செய்ய அவர் தொழிலாளியாக இருக்கத் தேவையில்லை. நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கலாம். பொதுவாக வழக்கறிஞர்கூடத் தேவையில்லை (எங்கள் பிழைப்பில் மண்தான், பரவாயில்லை). தனியாக ஓர் அறைக்குள் போய்ச் சுத்தம் செய்யும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரியையும் விடக் கூடாது. பயிற்சிப் பருவத்திற்கும் கட்டணம் வாங்கும் கல்லூரி, மேற்பார்வைக்கு ஆசிரியரை எத்தனை முறை அனுப்புகிறது? பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர்களே கேளுங்கள். அலவன்ஸ் எவ்வளவு, வாரம் எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? பதில் எழுத்தில் வர வேண்டும். பிள்ளையிடம் சொல்லி, ரோஸ்டரை வாராவாரம் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். வந்த நேரம், போன நேரத்தை ஒரு நோட்டில் எழுதட்டும். தொழிலாளர் இலாகாவில் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.