பழகிக்கொள்ள வேண்டியது தொழிலாளி மட்டுமா?

வளைகுடா நாடுகளில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தளங்களிலும் எண்ணெய் வயல்களிலும் கடைகளிலும் பிறர் வீடுகளிலும் உழைப்பவர்கள். 2024ஆம் ஆண்டில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் தாயகத்திற்கு அனுப்பிய தொகை சுமார் 12,900 கோடி டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. வேறெந்த நாடும் இவ்வளவு தொகையைப் பெறவில்லை. இதில் கணிசமான பகுதி வளைகுடாத் தொழிலாளர்களின் வியர்வை.

இவர்கள் புறப்படுமுன் அயல்நாட்டு மொழி, பழக்கவழக்கம், சட்டம் ஆகியவற்றைச் சொல்லித்தரும் ஒருநாள் பயிற்சியை ஒன்றிய அரசு நடத்துகிறது. அது தேவையானதே. ஆனால், அந்நியச் சூழலுக்குப் பழகுவதில் நம் தொழிலாளர்கள் என்றும் பின்தங்கியதில்லை. உடன் தங்கியிருப்போரிடமிருந்து மலையாளமும் இந்தியும், வேலைக்குத் தேவையான அரபும் சில மாதங்களில் கற்றுக்கொள்கின்றனர். அடுக்குக் கட்டிலுக்கும், முறைவைத்துச் சமைப்பதற்கும், விடியுமுன் கிளம்பும் கம்பெனிப் பேருந்துக்கும், குழந்தையின் வளர்ச்சியைக் கைபேசித் திரையில் மட்டுமே காண்பதற்கும் பழகிவிடுகின்றனர்.

பழகிக்கொள்ளவே கூடாதவை வேறு. ஊரில் சொல்லப்பட்ட ஊதியம் ஒன்று, அங்கு கைக்குக் கிடைப்பது வேறொன்று. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருக்கிறது. கஃபாலா முறையில் தங்கும் உரிமையே வேலையளிப்பவரோடு கட்டப்பட்டிருக்கிறது. கொடுமை தாளாமல் வெளியேறுபவர் மீது 'ஓடிப்போனவர்' எனப் புகார் பதிவானால், அன்றே அவர் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுகிறார். ஆள்சேர்ப்பு முகவர் பெறக்கூடிய கட்டணத்திற்கு ரூ.30,000 என விதி வரம்பு வைத்தாலும், துணை முகவர்கள் அதைப் பன்மடங்காகக் கறக்கின்றனர். வட்டிக்கு வாங்கிய அந்தக் கடனே தொழிலாளியின் வாயைப் பூட்டுகிறது.

இத்தகைய 'பழக்கத்தின்' விலையை 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் கண்டோம். ஏறத்தாழ 200 தொழிலாளர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரே கட்டிடத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டனர். தமிழ்நாட்டைச் சேர்ந்த 7 பேரின் உடல்களும் கொச்சி வந்திறங்கின.

ஒன்றிய அரசு யார் பக்கம் நிற்கிறது? கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், வளைகுடா வேலைகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை 30 முதல் 50 சதவீதம் வரை அதுவே குறைத்தது. கடும் எதிர்ப்புக்கும் நீதிமன்ற வழக்குக்கும் பிறகே, 2021இல் அதைத் திரும்பப் பெற்றது. புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்கான 1990ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்கு மாற்றாக 2019, 2021, 2025 என வரைவுகள் அடுத்தடுத்து வந்தன. ஆனால் தொழிலாளியின் கடன்சுமை இறங்கவில்லை.

நிலைமையை மாற்ற முடியாதா? முடியும் என்பதற்குக் கத்தார் சாட்சி. 2014இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதிகள் அந்நாட்டின் மீது முறையீடு தாக்கல் செய்தனர். உலகக் கோப்பையை முன்னிட்டுத் தொழிற்சங்கங்கள் தொடர்ந்து நிர்ப்பந்தம் கொடுத்தன. விளைவாக, வேலை மாறுவதற்கு முதலாளியின் ஒப்புதல் தேவை என்ற நிபந்தனையை 2020இல் கத்தார் நீக்கியது. 2021இல் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் அமலானது. நடைமுறையில் குறைகள் நீடிக்கின்றன. எனினும், இங்கே பழகிக்கொள்ள நேர்ந்தது தொழிலாளிக்கு அல்ல, சட்டத்திற்கு.

கேரளத்தில் 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு வெளிநாடுவாழ் கேரளியர்களுக்கெனத் தனித் துறையை அமைத்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாடு திரும்பியோருக்கு நலவாரியம் ஓய்வூதியம் வழங்குகிறது. ஒரு மாநிலத்தின் வரம்புக்குள் இவ்வளவு இயலுமெனில், ஒன்றிய அரசு தட்டிக்கழிக்க முகாந்திரமில்லை.

ஆள்சேர்ப்புச் செலவு முழுவதையும் வேலையளிப்பவரே ஏற்க வேண்டும். தங்குமிடப் பாதுகாப்பையும், ஊதிய பாக்கியை மீட்டுத் தருவதையும் இருநாட்டு ஒப்பந்தங்களில் கட்டாயமாக்க வேண்டும். தூதரகங்களில் தொழிலாளியின் மொழியிலேயே சட்ட உதவி கிடைக்க வேண்டும். ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும்.

விமானம் ஏறும் தொழிலாளியின் குடும்பம் நம் கிளைகள் இயங்கும் ஊர்களில்தான் வசிக்கிறது. அவர் முகவரிடம் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுவதிலிருந்தே நம் பணி தொடங்கட்டும்.