கடினத்தன்மையை மூன்றால் வகுத்தால் போதுமா?

மின்கம்பத்தில் ஏறும் பணியாளர் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. பேனாக்கத்தி கொண்டு கீறினால் பீங்கான் இன்சுலேட்டரின் மேனியில் தடம் பதிவதில்லை; ஆயினும் சிறுவன் எறியும் கல் அதைச் சிதற அடித்துவிடுகிறது. இன்சுலேட்டர் செய்வதற்கென்றே பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை அமைந்த நகரம் பெங்களூர். அதுவும் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு எதிரிலேயே. எடுத்துக்காட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கடினத்தன்மை எண்ணை மூன்றால் வகுத்தால் இளகு தகைவு கிடைத்துவிடும் என்னும் சூத்திரம் பொருள் வேறுபாடின்றிக் கற்பிக்கப்படுவதுண்டு.

இளகு தகைவு என்பது, ஒரு பொருள் பழைய உருவுக்கு மீளாமல் நிலையாக உருமாறத் தொடங்கும் தகைவு. டேபர் 1951இல் தம் நூலில் விளக்கிய மூன்று மடங்கு உறவு உலோகங்களுக்கு உரியது. வைர முனை அழுந்துகையில் உலோகம் பக்கங்களில் பிதுங்க முயல்கிறது. சுற்றியுள்ள பகுதி அதைத் தடுக்கிறது. அத்தடையே மூன்று மடங்கிற்குக் காரணம். கண்ணாடியில் நிகழ்வது வேறு. இடம்பெயர்ந்த பொருளைச் சுற்றுப்புறம் மீள்தன்மையோடு விரிந்து உள்வாங்கிக்கொள்கிறது. ஆகவே விகிதம் மூன்றுக்குக் குறையும் என மார்ஷ் 1964இல் காட்டினார். கண்ணாடியில் அது இரண்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கடினமான பீங்கான் இனங்களும் இவ்வழியையே சார்ந்தவை.

விகிதத்தைத் திருத்திக்கொண்டாலும் இடர் தீர்ந்தபாடில்லை. அலுமினாவின் கடினத்தன்மை ஏறத்தாழ 15,000 மெகாபாஸ்கல். மூன்றால் வகுத்தால் 5,000. ஆனால் அலுமினாத் தண்டை வளைத்துப் பார்த்தால் 300, 400 மெகாபாஸ்கலிலேயே முறிந்துவிடும்! இளகும் நிலையை அது நெருங்குவதே இல்லை. கிரிஃபித் 1921இல் விளக்கியவாறு, கண்ணுக்குப் புலப்படாத நுண்பிளவுகள் முறிவை முந்தி வரவழைக்கின்றன. வைர முனையின் கீழ் மட்டும் நாற்புறமும் நெருக்கும் அமுக்கம் பிளவுகளை அடக்கிவைப்பதால், பொருள் உடைவதற்கு முன் இளக முடிகிறது.

எனவே கடினத்தன்மையிலிருந்து வகுத்தெடுத்த எண்ணைப் பீங்கானின் வலிமையென ஆய்வுத்தாளில் எழுதுவது கணக்குப் பிழையன்று, கருத்துப் பிழை. அதை நம்பிப் பாரம் ஏற்றினால் இன்சுலேட்டரோடு கம்பியும் கீழே வரும். கீழே நிற்பவர் மனிதர்.

கடினத்தன்மைச் சோதனை வீண் என்பதன்று. நூற்பாலைகளில் நூல் ஓயாது உராய்ந்து செல்லும் அலுமினா வழிகாட்டிகளுக்கு அதுவே தக்க அளவை. பாரம் தாங்கும் உறுப்பாயின் வளைப்புச் சோதனை செய்ய வேண்டும். அதுவும் ஒரு துண்டில் அன்று, பல துண்டுகளில். நுண்பிளவு துண்டுக்குத் துண்டு வேறுபடுமாகையால், சராசரியோடு மிகக் குறைந்த அளவையும் தாளில் குறிப்பது முறை.