லாகின் செய்தால் தீர்ந்ததா?

ஒரு செய்திக் கட்டுரையின் நடுவே வீடியோ இருக்கிறது. அதைத் தொட்டால் படம் ஓடுவதில்லை; கறுப்புத் திரையில் ஒரு வாசகம்தான் வருகிறது: நீங்கள் பாட் அல்ல என்பதை உறுதிசெய்ய உள்நுழையுங்கள். யூடியூப் வீடியோக்களைப் பிற தளங்களில் பார்க்கிறவர்கள் 2024-இலிருந்து அடிக்கடி சந்திக்கும் திரை இது. அலுத்துக்கொண்டு யாரிடமாவது சொன்னால் உடனே பதில் வரும்: “பாதுகாப்புக்காகத்தானே கேட்கிறான்? லாகின் பண்ணினால் தீர்ந்தது. ஓசியில் பார்க்கிறவனுக்கு இவ்வளவு ரோஷமா?” கணினித் துறையில் இருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள், கொஞ்சம் நாகரிகமான சொற்களில். மூன்று வாக்கியம், மூன்று வாதம். மூன்றுமே நிற்காது என்பது என் எண்ணம். முதல் வாதத்தில் மட்டும் பாதி உண்மை இருப்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள், யூடியூபை மொய்ப்பது கட்டுக்கதை அல்ல. ஓபன்ஏஐ நிறுவனம் தன் மொழி மாதிரிகளுக்குத் தீனி போட, பத்து லட்சம் மணி நேரத்துக்கும் மேலான யூடியூப் வீடியோக்களை எழுத்தாக மாற்றியது என்று 2024 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. (கூகுளும் தன் மாதிரிகளுக்காக யூடியூப் வீடியோக்களை எழுத்தாக்கியது என்று அதே செய்தியில் இருந்தது. அதைப் பற்றிப் பாதுகாப்பு வாதம் பேசுகிறவர்கள் வாய் திறப்பதில்லை.) வீடியோக்களை மொத்தமாக இறக்கும் கருவிகள் வேறு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே வாசலில் காவல் போட நிறுவனத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

ஆனால் லாகின் எதை நிரூபிக்கிறது? ஒரு கணக்கு இருப்பதை மட்டும்தான். கணக்குக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார் என்பதை அது நிரூபிப்பதில்லை. இதற்கு வெளியில் சாட்சி தேட வேண்டியதில்லை. யூடியூப் காலாண்டுதோறும் வெளியிடும் அறிக்கையே போதும். ஒவ்வொரு முறையும் பல லட்சம் சேனல்களை நீக்கியதாக அதில் கணக்கு வரும். பெரும்பாலானவை ஸ்பாம் என்பதற்காக நீக்கப்பட்டவை. சேனல் தொடங்க கூகுள் கணக்கு வேண்டும். அப்படியானால் நீக்கப்பட்ட அத்தனை சேனல்களும் முறைப்படி லாகின் செய்து உள்ளே வந்தவைதான். லட்சக்கணக்கில் வீடியோக்களை உருவ நினைக்கும் நிறுவனத்துக்கு நூறு கணக்குகள் தேற்றுவது ஒரு செலவே அல்ல. இந்தத் திரையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர், ஒரே ஒரு வீடியோவை மூன்று நிமிடம் பார்க்க வந்தவர்தான்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் கேப்ட்சா இருந்தது. கோணல் எழுத்துகளைப் படி, போக்குவரத்து விளக்குகளைத் தேர்ந்தெடு என்று உயிரை வாங்கினாலும் அது யாருடைய பெயரையும் கேட்கவில்லை. அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்கள் மனிதர்களைவிட வேகமாகவும் பிழையில்லாமலும் கேப்ட்சாவைத் தீர்ப்பது தெரியவந்தது. அதற்காக, மிச்சமிருப்பது லாகின் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. ஆளை அடையாளம் காட்டாமலே ‘இது நம்பத்தக்க கருவி’ என்று சான்று தரும் முறையை ஆப்பிள் 2022-இல் தன் ஐபோன்களில் கொண்டுவந்தது. பிரைவசி பாஸ் என்ற பெயரில் அதற்கான பொதுத் தரம் 2024-இல் வெளியானது. இதைவிடப் பழைய, எளிய வழியும் உண்டு: மணிக்கு ஆயிரம் வீடியோ கேட்பவரின் வேகத்தைக் குறை, ஒன்று கேட்பவரை விட்டுவிடு. நீ மனிதனா என்பது ஒரு கேள்வி. நீ யார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியைக் கேட்பதாகச் சொல்லி இரண்டாவதற்குப் பதில் வாங்கிக்கொள்கிறது இந்தத் திரை.

சந்தேகம் யார் மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். “விபிஎன் போட்டுக்கொண்டு ஒளிகிறவர்களுக்குத்தான் இது வரும், ஒழுங்காக இருப்பவர்களுக்கு வராது” என்று ஒரு துணை வாதம் உண்டு. அலுவலக வேலைக்காக விபிஎன் போட்டே ஆகவேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒருபுறம். விபிஎன் பக்கமே போகாதவர்களுக்கும் இந்தத் திரை வருவதுதான் முக்கியம். காரணம், இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரிகளுக்கு வந்த பஞ்சம். பழைய வகை ஐபி முகவரிகளின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் உலக அளவில் பங்கிட்டு முடிந்தன. அடுத்த இரண்டே மாதங்களில் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பும் தீரும் நிலைக்கு வந்தது. புதிய வகை முகவரிகள் பரவிவருகின்றன. ஆனாலும் பழைய வகையில் இணையும்போது, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் பெருங்கூட்டத்தை அடைத்துத்தான் சமாளிக்கின்றன. அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர் வீடியோ உருவும் நிரலை ஓடவிட்டால் முகவரியே கறைபட்டுவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே கதவு எண் இருந்து, ஒரு வீட்டுக்காரர் வைத்த பாக்கிக்காக மற்ற வீட்டாருக்கும் மளிகைக் கடையில் கடன் இல்லை என்று சொல்வது போன்றது இது. முகவரி பற்றாத ஊரில், விடுதியில், நூலகத்தில், கல்லூரி வைஃபையில் இருப்பவர்தான் சந்தேகத்துக்கு ஆளாகிறார். தனி முகவரி வைத்திருக்கும் பணக்கார அலுவலகத்துக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது வாதம், லாகின் செய்தால் தீர்ந்தது என்பது. பல நேரங்களில் அது தீர்வதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

பிற தளத்தில் பதித்த வீடியோ, அந்தப் பக்கத்துக்குள் வைத்த இன்னொரு பக்கம். செய்தித்தளம் ஒரு முகவரி. அதற்குள் சதுரமாகத் தெரியும் யூடியூப் வேறு முகவரி. சதுரத்தில் இருக்கும் உள்நுழைவு லிங்க்கைத் தொட்டால் யூடியூப் தனி டேபில் திறக்கும். அங்கே கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய்விட்டுப் பழைய பக்கத்துக்குத் திரும்புகிறோம். நாம் உள்ளே வந்தவர் என்பதை அந்தச் சதுரம் அறிய வேண்டுமானால் யூடியூபின் குக்கீ, அதாவது பிரவுசரில் அது சேமித்துவைக்கும் அடையாளக் குறிப்பு, அதற்குக் கிடைக்க வேண்டும். இங்கே அது மூன்றாம் தரப்புக் குக்கீ. விளம்பரக் கம்பெனிகள் தளம்தளமாக ஆளைப் பின்தொடரப் பயன்படுத்தியது இந்த வகைக் குக்கீயைத்தான் என்பதால் சஃபாரி 2020 மார்ச்சில் அதை முழுதாக அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் பூட்டிவைக்கிறது. குரோமில் வழக்கமான ஜன்னலில் குக்கீ கிடைக்கும், மறைநிலை ஜன்னலில் கிடைக்காது. ஆகவே ஐபோன் வைத்திருப்பவர் முறையாக லாகின் செய்துவிட்டு வந்தும் அதே கறுப்புத் திரையைப் பார்க்கிறார். மறுபடி தொடுகிறார். மறுபடி அதே திரை. தான் ஏதோ தப்பு செய்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. வாசகர்களை வேவு பார்க்க வேண்டாம் என்று நினைக்கும் தளங்களுக்காக 2009 முதல் யூடியூப் ‘நோகுக்கீ’ என்ற தனி முகவரியில் வீடியோக்களைத் தருகிறது. முகவரியே வேறு என்பதால் யூடியூபில் செய்த லாகின் அந்த முகவரிக்குப் போய்ச்சேராது. வாசகரின் அந்தரங்கத்தை மதித்து அதைத் தேர்ந்தெடுத்த தளத்திலும் ‘உள்நுழையுங்கள்’ என்று திரை வந்தால், எதற்குள் நுழைவது? நிறைவேற்றவே முடியாத நிபந்தனை அது.

சரி, லாகின் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். “இந்தக் காலத்தில் ஜிமெயில் இல்லாதவர் யார்?” என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது வீடியோ பார்ப்பதற்கான அனுமதிச்சீட்டு அல்ல. அஞ்சல், புகைப்படங்கள், தொடர்பு எண்கள், போய்வந்த இடங்கள், சேமித்த கடவுச்சொற்கள் என ஒருவரது வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த ஒரே சாவியில் திறக்கும். மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ, சென்னை கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, தெருமுனை பிரவுசிங் சென்டரிலோ பொதுக் கணினிமுன் உட்கார்ந்து ஐந்து நிமிட வீடியோவுக்காக அந்தச் சாவியைச் செருகு என்பது, இணையப் பாதுகாப்பு பற்றி இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த அத்தனைக்கும் எதிரான ஆலோசனை. பாதுகாப்பின் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள்.

வீட்டில் ஒரே போனைப் பலர் பயன்படுத்தும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். அந்தப் போனில் இருப்பது அப்பாவின் கணக்கு. மார்பகக் கட்டியைப் பற்றியோ, குடும்ப வன்முறைச் சட்டத்தில் புகார் கொடுப்பது பற்றியோ ஒரு பெண் பார்க்கும் வீடியோ லாகின் செய்த நிலையில் அந்தக் கணக்கின் பார்வைப் பட்டியலில் போய் உட்காரும். அடுத்து போனைத் திறப்பவருக்கு அதே வகை வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கும். பட்டியலை நிறுத்திவைக்கலாம், அழிக்கலாம் என்பது தெரிந்தவருக்குத் தெரியும். தெரியாதவருக்கு அந்தக் கறுப்புத் திரை எதையும் சொல்வதில்லை.

பிள்ளைகள் நிலை இன்னும் சிக்கல். 13 வயதுக்குக் கீழே பெற்றோரின் மேற்பார்வை இல்லாமல் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. அது கூகுளே வைத்த விதி. 2023-இல் நிறைவேறிய நம் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது வரை எல்லோரையும் குழந்தைகள் என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் கூடாது என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழு அமலுக்கு இன்னும் காலம் ஆகும். ஆனால் பள்ளிக்கூடத் தளத்தில் பாட வீடியோவைத் திறக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘உள்நுழை’ என்றால், பிள்ளை தன் வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டும், அல்லது அம்மாவின் கணக்கில் நுழைய வேண்டும். இரண்டையுமே நாம் கற்றுக்கொடுக்க விரும்பவில்லை.

வயது வந்தோருக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட வீடியோக்கள் பிற தளங்களில் ஓடாமல், யூடியூபுக்கே வந்து லாகின் செய்யச் சொல்வது 2020-இல் வந்த ஏற்பாடு. அதன்மேல் எனக்குப் புகார் இல்லை. அங்கே வயதைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை மறைக்கவும் இல்லை.

மூன்றாவது, ஓசி. இந்த வாதம் எப்போதும் கொஞ்சம் வசவோடுதான் வரும், ஆகவே சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். 2005-இல் பிறந்த யூடியூப் அடுத்த ஆண்டே 165 கோடி டாலருக்கு கூகுளிடம் விலைபோகும் அளவு வளர்ந்ததில், மைஸ்பேஸ் பக்கங்களிலும் வலைப்பூக்களிலும் அந்த வீடியோக்களை ஊரார் கொண்டுபோய் ஒட்டியதற்குப் பெரும் பங்கு உண்டு. பதித்த வீடியோவிலும் விளம்பரம் ஓடும். அந்தக் காசில், பதித்த தளத்துக்குப் பங்கு கிடையாது. 2024-இல் யூடியூபின் விளம்பர வருமானம் மட்டும் 3,600 கோடி டாலரைத் தாண்டியது என்று தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் ஆண்டறிக்கை சொல்கிறது. பார்க்கிறவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார், தளம் தன் பக்கத்தில் இடம் கொடுக்கிறது. இரண்டையும் வாங்கிக்கொண்டு நடக்கும் வியாபாரத்துக்கு ஓசி என்ற பெயர் பொருந்தாது.

இதுவரை சொன்னதெல்லாம் யூடியூபுக்காக வாதாடுகிறவர்களுக்கு. இன்னொரு தரப்பு உண்டு. வீடியோவைத் தங்கள் பக்கத்தில் பதித்த அலுவலகங்களும் நிறுவனங்களும். “அது யூடியூப் பக்கத்துப் பிரச்சினை சார், எங்கள் கையில் என்ன இருக்கிறது?” என்பது அவர்களது வாதம். கோபம் எனக்கு இங்கேதான் அதிகம். முகப்பில் அரசு முத்திரையும் அதற்குக் கீழே வீடியோவும் வைத்திருக்கும் பக்கம் அவர்களுடையது. ஒரு துணிக்கடைத் தளம் ஃபேஸ்புக்கின் லைக் பொத்தானைப் பதித்திருந்த வழக்கில், அந்தப் பொத்தான் வழியே தரவு சேகரிக்கப்பட்டு ஃபேஸ்புக்குக்குப் போவதற்குத் தளத்தின் சொந்தக்காரரும் கூட்டுப் பொறுப்பாளிதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அது நம்மூர்ச் சட்டம் அல்ல. நம்மூரில் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மக்கள் மனுப் போட அவசியமே வராதபடி பொது அலுவலகங்கள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது அதன் நான்காம் பிரிவு. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை.

பொது வீடியோக்களின் சாவியை இப்படி ஒரு தனியார் தளத்திடமே விட்டுவைத்தால் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு 2024 செப்டம்பரில் ஒரு நாள் போதுமானதாக இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலை யாரோ கைப்பற்றி, கிரிப்டோ பண விளம்பரத்தை ஓடவிட்டார்கள். விசாரணைகளை ஒளிபரப்பும் சேனல் அது.

யூடியூபே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லட்சம் பேர் பார்க்கும் வீடியோவை அங்கே வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் ஒரு நகராட்சியின் சொத்துவரி விளக்க வீடியோவை எத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள்? சுமாரான தெளிவில், வினாடிக்கு ஒரு மெகாபிட் என்ற கணக்கில், பத்து நிமிட வீடியோ 75 எம்பி. அதை அலுவலகத்தின் சொந்த சர்வரிலேயே இன்னொரு பிரதியாகப் போட்டுவைக்கலாம். வீடியோவை நேரடியாக ஓட்டும் வசதி பிரவுசர்களில் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. தனிச் செருகு நிரல் எதுவும் தேவையில்லை. பிரான்சின் ஃபிராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய பியர்டியூப் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பிரதி வைக்கலாம். யூடியூப் சதுரத்துக்குக் கீழே ‘ஓடவில்லையென்றால் இங்கே’ என்று ஒரு லிங்க் கொடுத்தால் போதும்.

இதற்கெல்லாம் ஆளும் நிதியும் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. வீடியோவில் பேசியதை அதற்குக் கீழே நான்கு பத்தியாகத் தட்டச்சு செய்து போடலாம்; காது கேளாதவர்களுக்கும் அதுவே வேண்டியது. கடைசித் தேதி எது, எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும், எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வந்தவர், அந்த நான்கு பத்தி இருந்திருந்தால் வீடியோவை ஓடவிடும் முக்கோணத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்.